கொள்ளையர் கொடி பறந்த கூரை

1983 ஆகஸ்டில், கலிஃபோர்னியாவின் கூப்பர்டினோ நகரிலிருந்த ஆப்பிள் கட்டடம் ஒன்றின் கூரையில் கடற்கொள்ளையர் கொடி ஏறியது. கறுப்புத் துணியில் மண்டையோடு. அதன் ஒரு கண்ணை மூடியபடி ஆப்பிளின் வானவில் சின்னம். கொடியைத் தைத்தவர் நிரலாளர் ஸ்டீவ் கேப்ஸ், வரைந்தவர் ஓவியர் சூசன் கேர். மக்கின்டோஷ் கணினியை உருவாக்கிக்கொண்டிருந்த அணியின் கொடி அது. கொள்ளையருக்கு எதிரிக் கப்பல் ஒன்று வேண்டுமே! இவர்களுக்கு வாய்த்த முதல் எதிரி அதே நிறுவனத்தின் லிசா அணி.

லிசா திட்டம் 1978இல் தொடங்கியது. 1980இல் அதிலிருந்து ஓரங்கட்டப்பட்ட ஸ்டீவ் ஜாப்ஸ், மறு ஆண்டு, ஜெஃப் ராஸ்கின் சிறு அளவில் தொடங்கி நடத்திய மக்கின்டோஷ் திட்டத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்தார். லிசாவை முந்திக் கடைக்கு வருவோம் என்று அதன் தலைவர் ஜான் கவுச்சிடம் 5,000 டாலர் பந்தயமும் கட்டினார். பந்தயத்தில் தோற்றார். லிசா 1983 ஜனவரியில் வந்தது. விலை 9,995 டாலர். ஓராண்டு கழித்து வந்த மக்கின்டோஷின் விலை 2,495 டாலர். லிசாவால் அதன்பின் எழ முடியவில்லை.

வாரம் 90 மணி நேர உழைப்பு, அதையும் விரும்பியே செய்கிறோம் என்று பொறித்த மேலாடையை மக்கின்டோஷ் அணியினர் பெருமையோடு அணிந்தார்கள். அந்த விருப்பம் பொய்யல்ல. ஆனால் அவர்கள் தனியாக உழைக்கவில்லை. மக்கின்டோஷ் திரையில் கோடும் வட்டமும் வரைந்த குவிக்டிரா, பில் அட்கின்சன் லிசாவுக்காக எழுதியது. தொடக்கத்தில் மக்கின்டோஷுக்கு நிரல் எழுதுவதற்கே ஒரு லிசா தேவைப்பட்டது. இரு அணிக்கும் படியளந்தது பழைய ஆப்பிள் டூ.

1984இல் இரு அணிகளும் ஜாப்ஸின் கீழ் ஒன்றாக்கப்பட்டன. லிசாக்காரர் பலர் வேலை இழந்தார்கள். 1985 தொடக்கத்தில், ஆப்பிள் டூவுக்கு உரிய மதிப்பில்லை என்ற மனக்குறையோடு ஸ்டீவ் வோஸ்னியாக் விலகினார். அவ்வாண்டு விற்பனை தளர்ந்தபோது சுமார் 1,200 பேர், ஊழியரில் ஐந்தில் ஒருவர், வெளியேற்றப்பட்டார்கள். செப்டம்பரில் ஜாப்ஸும் போனார். விற்காத சுமார் 2,700 லிசாக்கள் 1989இல் யூட்டா மாநிலத்தின் லோகன் நகரக் குப்பைமேட்டில் புதைக்கப்பட்டன.

மக்கின்டோஷ் அணியினரின் கையெழுத்துகள் அதன் பெட்டியின் உட்புறம் பொறிக்கப்பட்டிருந்தன. அடுத்த கட்டடத்தில் லிசாவுக்காக உழைத்த பெரும்பாலோர் பெயர் அங்கே இல்லை.

கொடியின் கதை இன்றும் உற்சாகமாகச் சொல்லப்படுகிறது. இன்று அந்தப் பள்ளத்தாக்கில் நம்மவர் பலர் வேலை செய்கிறார்கள். தம் அணியின் பொருள் கைவிடப்பட்டு வேலை போனால், எச்-1பி விசாக்காரருக்கு அடுத்த வேலை தேட அதிகபட்சம் 60 நாள். பிள்ளையின் பள்ளி, வீட்டு வாடகை, போட்டுவைத்த கல்யாணத் தேதி எல்லாம் அந்த 60 நாளுக்குள் அடங்க வேண்டும். கொள்ளையர் கதையைக் கேட்கும்போது லிசாக்காரர்களையும் நினைத்துக்கொள்வது நல்லது.