சுடரில்லாக் கைவிளக்கு

காட்டிலும் மலையிலும் கூடாரமடித்துத் தங்குவோர் நெடுங்காலம் மண்ணெண்ணெய் இலாந்தரையே நம்பியிருந்தனர். விளக்குச் சரிந்தால் கூடாரத் துணி தீப்பற்றும். காற்றோட்டமின்றி எரிந்தால் நச்சுவாயு சூழும். சுடரில்லாத சிறு விளக்கு உருவாதற்கு இரண்டு பொருள்கள் கைகூடவேண்டியிருந்தன.

முதலாவது, பாரமற்ற சேமிப்புக்கலம். 1859ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுப் பிளாந்தே அமைத்த ஈயக்கலம் மீண்டும் மின்னேற்றத்தக்கதாயினும், நடைப்பயணிக்குப் பெருஞ்சுமை. 1991இல் யப்பானில் விற்பனைக்கு வந்த இலிதியம் அயன் கலமே அச்சுமையைக் குறைத்தது.

இரண்டாவது, சிக்கனமான வெண்ணொளி. இழைக்குமிழ் மின்னின் பெரும்பகுதியை வெப்பமாகவே வீணாக்கியது. 1962இல் அமெரிக்கரான ஹொலொன்யாக், எல்.ஈ.டி. எனப்படும் ஒளிகாலும் இருவாயியிலிருந்து செவ்வொளியைப் பெற்றார். பிரகாசமான நீலவொளியோ ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் எட்டாதிருந்தது. யப்பானில் அக்காசாக்கியும் அவர் மாணவர் அமானோவும் ஒருபுறமும், நக்காமுரா மறுபுறமுமாகக் கல்லியம் நைத்திரைட்டை ஆராய்ந்து வென்றனர்; மூவரும் 2014இல் நோபல் பரிசு பெற்றனர். நீலவொளிமீது மஞ்சள் ஒளிர்பொருளைப் பூசியபோது, இரண்டும் கலந்து கண்ணுக்கு வெண்மையாய்த் தோன்றின.

எனினும், இவற்றைக் கையடக்கக் கூட்டினுள் அமைப்பது எளிதன்று. இருவாயியின் வெப்பத்தை உலோகத் தகடு கடத்திவிடவேண்டும். கண் கூசாது ஒளி பரவ மங்கலான மூடி வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, மின்னேற்றம் எல்லை மீறாது தடுக்கும் சுற்று இன்றியமையாதது. அஃதின்றேல் இலிதியம் கலமே தீப்பற்றக்கூடும். கூடாரத்தினின்று அகற்றிய தீ, வேறு வழியால் மீண்டும் உட்புகும்.