ஆணி பிரிக்க ஒரு ஆட்-இன்: ரெண்டு கட்சியின் கதை

மக்களே, கொஞ்ச நாளா ஆணி ரொம்ப ஜாஸ்தி. திருப்பாலைக்குடி வீட்டு மாடியில உட்கார்ந்துதான் பொட்டி தட்டுறேன். அவுட்லுக்கைத் திறந்தா நானூறு மெயில். எதை இன்னைக்கு முடிக்கிறது, எதைத் தள்ளிப்போடறதுன்னு திட்டம் போட்டுத் தர ஒரு ஆட்-இன் தேடி, ஒரே மாசத்துல மூணு மாத்தினேன். மூணாவதுக்குத் தாவினப்ப ஒரே ஒரு வேலை வழியில விழுந்துடுச்சு. கண் ஆபரேஷனுக்கு முன்னாடி உம்மாவுக்கு எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனை! ஆபரேஷன் மூணு வாரம் தள்ளிப்போச்சு.

"கம்ப்யூட்டர்ல எழுதி வச்சிருக்கேன்னு சொன்னியேப்பா?" உம்மா அவ்வளவுதான் கேட்டாங்க. ரெண்டு திட்டு திட்டியிருந்தா தேவலை.

அந்தக் கடுப்புல, இந்த ஆட்-இன் எல்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னு தேடிப் படிச்சேன். கொசுவர்த்தி சுத்துறேன், கூடவே வாங்க.

1997ல் அவுட்லுக் 97 வந்தது. மெயில், நாள்காட்டி, வேலைப் பட்டியல் மூணும் ஒரே ஜன்னல்ல. அதே வருஷம் அமெரிக்காவுல பிராங்க்ளின் குவெஸ்ட்டும் ஸ்டீபன் கவியின் நிறுவனமும் சேர்ந்து பிராங்க்ளின்கவி ஆச்சு. முன்னவங்க தாள் டைரி வித்தவங்க. அந்தப் பேரு பெஞ்சமின் பிராங்க்ளினோடது. அந்த மனுஷர் 18ஆம் நூற்றாண்டுலேயே நாளை மணிவாரியா பிரிச்சு, 13 நற்குணங்களுக்குக் கட்டம் போட்டு, தவறினப்ப எல்லாம் புள்ளி வச்சவர். கவி, 1989ல் ஏழு பழக்கங்கள் புத்தகம் எழுதினவர்.

இந்தக் கட்சி அவுட்லுக்குக்குக் கொண்டு வந்ததுதான் பிளான்பிளஸ். முதல்ல உன் வாழ்க்கையில எது முக்கியம்னு சொல்லு. மகன், ஊழியன், நண்பன்னு உன் பொறுப்புகளை எழுது. அப்புறம் வாரத்துக்குத் திட்டம் போட்டு, அன்னன்னைக்கு வேலைகளுக்கு ஏ, பி, சி குறி போடு. அதாவது மேலேருந்து கீழே வர்ற வழி.

எதிர்க்கட்சி 2001ல் வந்தது. டேவிட் ஆலனின் 'கெட்டிங் திங்ஸ் டன்', சுருக்கமா ஜிடிடி. இவர் சொல்றது தலைகீழ். மண்டையில இருக்கிறதை எல்லாம் முதல்ல வெளியே கொட்டு. ஒவ்வொண்ணுக்கும் அடுத்து செய்ய வேண்டிய ஒரு செயலை எழுது. ரெண்டு நிமிஷத்துல முடியும்னா இப்பவே செய். மத்ததை 'போன்', 'கடை', 'வீடு'ன்னு இடவாரியா பிரி. இதை அவுட்லுக்குக்குள்ள கொண்டு வந்தது நெட்சென்ட்ரிக்ஸ் செஞ்ச ஆட்-இன். மெயில் மேல ஒரு பட்டனை அழுத்தினா அது வேலையாவோ, அடுத்தவருக்கு ஒப்படைச்சதாவோ மாறிடும்.

யோசிச்சுப் பார்த்தா, ரெண்டு கட்சியும் எங்க பாக் விரிகுடாவுல முன்னாடியே இருக்கு. ராமேஸ்வரம் விசைப்படகுக்கு வாரத்துல மூணு நாள், மீதி நாலு நாள் நாட்டுப்படகுக்குன்னு பழைய ஏற்பாடு. ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்கு மீன்பிடித் தடை, 61 நாள். முன்னாடியே முடிவான இதெல்லாம் பிளான்பிளஸ் கட்சி. ஆனா வல்லத்துக்காரர் காத்து சரியில்லாத நாள்ல கரையில கிழிஞ்ச வலையைச் சரிபண்றார். இருக்கிற இடத்துல முடியிற வேலையைச் செய்றது, அது ஜிடிடி. ரெண்டும் இல்லாம கடல்ல பிழைக்க முடியாது. இதுதான் நல்லது, அது மோசம்னு தேடிட்டு இருந்தேன் பாருங்க, அங்கதான் நான் தப்பு பண்ணினேன்.

இன்னொண்ணும் இருக்கு, பொட்டி தட்டுற நமக்குத் தெரிஞ்சிருக்கணும். அந்தக் கால ஆட்-இன் எல்லாம் காம் தொழில்நுட்பத்துல ஓடினது. மைக்ரோசாஃப்டின் புது அவுட்லுக் அதை ஏத்துக்கிறதே இல்லை. இணைய வழி ஆட்-இன் மட்டும்தான். அதனால எதை எடுத்தாலும் முதல்ல கேட்க வேண்டியது, என் பட்டியல் எங்க இருக்கும்? அவுட்லுக்கோட சொந்த வேலைப் பட்டியல்லயா, ஆட்-இன்னோட தனிப் பெட்டியிலயா? தனிப் பெட்டின்னா, அது போற அன்னைக்கு உங்க வேலையும் கூடப் போகும். என் விஷயத்துல உம்மாவோட பரிசோதனை போனது அப்படித்தான்.

நான் எடுத்த முடிவு: ஆபீஸ் வேலை மெயில் மெயிலா வந்து விழுறதால அதுக்கு ஜிடிடி வழி, ஆனா ஆட்-இன் இல்லாம, அவுட்லுக்கோட சொந்தப் பட்டியல்லயே. தள்ள முடியாத வீட்டுத் தேதிகள் சமையல்கட்டு தினசரி காலண்டர்ல. ஆபரேஷனோட புதுத் தேதியை வாப்பா சிவப்புப் பேனாவால வட்டம் போட்டுட்டாங்க. தினம் காலையில தாள் கிழிக்கிறது உம்மா. கிழிக்கிறப்ப என்னை ஒரு பார்வை பார்க்குறாங்க. எந்த நினைவூட்டலும் அது மாதிரி வேலை செய்யாது :-)

டிஸ்கி: நாலாவதா ஒரு ஆட்-இன் சூப்பரா இருக்குன்னு யாரும் எனக்குச் சொல்லாதீங்க, ப்ளீஸ்.