ஃபிரிட்ஷியெல்லா: ஒரு பாசி வீடு மாறிய கதை

போன மழைக்கு மொட்டைமாடியில வழுக்கி விழுந்தேன். பெருசா அடி ஒண்ணுமில்ல, மானம்தான் போச்சு :-) "பாசி வழுக்கிடுச்சு"ன்னு சொன்னதும், காலேஜில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ரிட்டையர் ஆன என் சித்தி கேட்ட முதல் கேள்வி: "எந்தப் பாசிடா?"

அடி பட்டுச்சான்னு கேக்கல பாருங்க!

ஆனா கேள்வி நியாயமானதுதான். குளத்தில் நூல் நூலாக மிதப்பதும் நமக்குப் பாசி, மதில் சுவரில் மெத்தை மாதிரி வளரும் மாஸும் பாசி, மாடியில் கறுத்துப் படிகிற நீலப்பச்சைப் பாசியும் பாசி. இதில் கடைசி ஆள் உண்மையில் பாக்டீரியா. பச்சையா, வழவழன்னு இருந்தா ஒரே பேர் வெச்சிடறோம். "நாங்களும் ரொம்ப நாள் அப்படித்தான் பண்ணிட்டிருந்தோம்" என்று சொல்லி சித்தி ஆரம்பித்ததுதான் இந்தக் கதை. பிளஸ் டூவில் பயாலஜி குரூப் எடுத்தும் இஞ்சினியரிங் பக்கம் ஓடிப்போனவன் நான். கேட்ட பிறகு ரெண்டு வாரம் இதையேதான் படிச்சுட்டிருந்தேன்.

கதையின் நாயகர் எம்.ஓ.பி. ஐயங்கார் (1886-1963). இந்தியப் பாசியியலின் தந்தை என்று இவரைச் சொல்வார்கள். சென்னைக்காரர். லண்டனில் எஃப்.இ. ஃபிரிட்ஷ் என்ற அந்தக் காலத்துப் பாசிப் புலியோடு வேலை செய்தவர். 1932ல் ஈரச் சேற்றில் வளரும் ஒரு புதுப் பச்சைப்பாசியை விவரித்து, ஃபிரிட்ஷுக்கு மரியாதையாக 'ஃபிரிட்ஷியெல்லா டியூபரோசா' என்று பேர் வைத்தார்.

இந்தப் பாசி சும்மா ஒரு நூல் இல்லை. மண்ணுக்குள் நிறமில்லாத வேர் மாதிரி இழைகள், மண்ணை ஒட்டிப் படுத்த பகுதி, மேலே நிமிர்ந்து நிற்கும் பச்சைக் கிளைகள். பார்த்தால் ஒரு குட்டிச் செடி! தண்ணீரில் இருந்த பாசி எப்படித் தரைக்கு ஏறிச் செடியானது என்பது அப்போது பெரிய கேள்வி. 1945ல் ஃபிரிட்ஷ், இப்படிப் படுத்த பகுதியும் நிமிர்ந்த பகுதியும் கொண்ட பாசிகளிலிருந்துதான் நிலத்தாவரங்கள் வந்திருக்க வேண்டும் என்று வாதிட்டார். அதற்குச் சரியான சாட்சி மாதிரி நின்றது ஃபிரிட்ஷியெல்லா. நம்ம ஊர் பி.எஸ்சி. புத்தகங்களில் ராஜ மரியாதை. சித்தியும் பரீட்சையில் இதைத்தான் எழுதினாங்களாம்.

சிக்கல் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் ரூபத்தில் வந்தது. ஒரு செல் ரெண்டாகப் பிரியும்போது நடுவில் சுவர் எழும்பும். நிலத்தாவரங்களில் அந்தச் சுவருக்குச் செங்குத்தாக நுண்குழல்கள் நிற்கும். ஃபிரிட்ஷியெல்லாவில் அவை சுவருக்கு இணையாகப் படுத்திருந்தன. கட்டடம் ஒரே மாதிரி, ஆனா கொத்தனார் வேற. 1972ல் பிக்கெட்-ஹீப்ஸும் மார்ச்சன்டும், 1975ல் ஸ்டூவர்ட்டும் மேட்டக்ஸும் இந்த மாதிரி உள்விவரங்களை வைத்துப் பச்சைப்பாசிகளைப் புதிதாகப் பிரித்தார்கள். ஃபிரிட்ஷியெல்லா நிலத்தாவரங்களின் கிளையில் இல்லை என்றானது. கேரா, கோலியோகீட்டி மாதிரி ஆட்கள் உள்ளே வந்தார்கள்.

பிறகு டி.என்.ஏ. வந்தது. இதை நம்ம தொழில் பாஷையில் சொல்றேன். ரெண்டு சாஃப்ட்வேரோட ஸ்க்ரீன் ஒரே மாதிரி இருக்கலாம். அதை வைத்து ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணு வந்ததுன்னு சொல்ல முடியாது, சோர்ஸ் கோடைத் திறக்கணும். ரெண்டு ஃபைலிலும் அதே வரியில் அதே எழுத்துப்பிழை இருந்தா? ரெண்டும் ஒரே பழைய ஃபைலிலிருந்து காப்பி ஆனதுதான்! உயிரிகளிலும் கிட்டத்தட்ட இதே வேலைதான். எல்லோரிடமும் இருக்கும் ஒரு ஜீனை, உதாரணமாக சுமார் 1,800 எழுத்து நீளமுள்ள 18எஸ் ரைபோசோம் ஜீனை, பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, எங்கே யார் யாரோடு சேர்ந்து மாறியிருக்கிறார்கள் என்று பார்ப்பது.

ஜீன்களும் மைக்ராஸ்கோப் சொன்னதையே சொல்லின. பச்சைப்பாசிகள் ரெண்டு பெரும் கிளை. ஃபிரிட்ஷியெல்லா ஒன்றில், நிலத்தாவரங்கள் இன்னொன்றில். இவை பிரிந்தது எழுபது கோடி வருடங்களிலிருந்து நூறு கோடிக்கும் முன்பு வரை என்று கணக்குகள் இருக்கின்றன. செடி மாதிரி உடம்பை ஃபிரிட்ஷியெல்லா தனியாகவே கட்டிக்கொண்டிருக்கிறது.

இத்தோடு சுபம் போட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஜீன்களும் ஒரே தடவையில் பதில் சொல்லிவிடவில்லை. 2001ல் கரோலும் கூட்டாளிகளும் நாலு ஜீன்களை வைத்து, நமக்குத் தெரிந்த செடிகளுக்கு மிக நெருங்கிய உறவு கேரா வகைதான் என்றார்கள். கேராவுக்கு கணு, கிளை எல்லாம் உண்டு, பார்க்கவும் செடி மாதிரி. எல்லோருக்கும் திருப்தி. 2014ல் 800க்கும் மேற்பட்ட ஜீன்களை வைத்துப் பார்த்தபோது கேரா ஒரு படி தள்ளிப்போய், அந்த இடத்துக்கு வந்தது யார் தெரியுமா?

ஸ்பைரோகைரா குடும்பம்!

அதேதாங்க. ரெக்கார்டு நோட்டில் ஸ்பிரிங் மாதிரி பச்சை ரிப்பன் வரைஞ்சோமே, அது. கிளையில்லை, வேரில்லை, வெறும் வழவழ நூல். இதைப் பார்த்து யாராவது ஆலமரத்துக்குச் சொந்தம் என்று சொல்வார்களா? நெருங்கிய உறவு என்றால் செடி மாதிரி இருக்கணும் என்ற எதிர்பார்ப்பு ரெண்டாம் தடவையும் ஏமாற்றியிருக்கிறது. இந்தக் குடும்பம் இருந்த கிளைகளைப் பிற்பாடு இழந்து எளிமையாகியிருக்கலாம் என்றுதான் இப்போது நினைக்கிறார்கள்.

இன்னொரு விஷயம். 2019ல் இதே குடும்பத்தில், தண்ணீருக்கு வெளியே ஈரப்பரப்பில் வாழும் ரெண்டு பாசிகளின் முழு ஜீனோம் வெளியானது. வறட்சியைச் சமாளிக்கச் செடிகள் பயன்படுத்தும் சில ஜீன்கள் இவற்றிடமும் இருந்தன. மண் பாக்டீரியாவிடமிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். ஆக, பதிலை ஈர மண்ணுக்குப் பக்கத்தில் தேடியது தப்பில்லை. பிடித்த ஆள்தான் வேற.

"அப்ப ஐயங்கார் தோத்துட்டாரா சித்தி?" என்று கேட்டேன். "அவர் அந்தப் பாசியைப் பார்த்து எழுதினதும், படம் போட்டதும் அப்படியே இருக்குடா. அது மேல மத்தவங்க கட்டின கதைதான் விழுந்துச்சு" என்றார். ஃபிரிட்ஷ் 1954ல், ஐயங்கார் 1963ல் போய்விட்டார்கள். இந்தத் திருப்பம் எதையும் ரெண்டு பேரும் பார்க்கவில்லை. பேர் மட்டும் மாறவில்லை. இன்றைக்கும் அது ஃபிரிட்ஷியெல்லா டியூபரோசா ஐயங்கார்தான்.

மாடியை மட்டும் நான் இன்னும் தேய்ச்சுக் கழுவல. எந்தப் பாசின்னு சித்தி வந்து பார்க்கணுமாம் :-)