மதுச்சாலையில் வைத்த நீர்

1905ஆம் ஆண்டில் மைசூர் கீழ்த்திசை நூலகத்தின் நூலகர் ஆர். சாமசாஸ்திரி, கிரந்த எழுத்தில் அமைந்த பனையோலைச் சுவடி ஒன்றில் கௌடிலியரின் அர்த்தசாஸ்திரத்தை இனங்கண்டார். 1909இல் அது அச்சேறியது. வரி, படை, ஒற்றாடல் ஆகியவற்றுக்காகப் பெரிதும் பேசப்படும் அந்நூலின் இரண்டாம் அதிகரணம், 25ஆம் அத்தியாயம் மதுக் கண்காணிப்பாளரின் கடமைகளைக் கூறுகிறது. மதுச்சாலைகளில் பல அறைகளும், தனித்தனிப் படுக்கைகளும் இருக்கைகளும், நறுமணப் பொருள், மாலை, நீர் ஆகியனவும் இருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. மாலையோடு சேர்த்து எண்ணப்படும் நீர், அங்கு மருந்தாகச் சுட்டப்படவில்லை. குடிப்போர்க்குரிய வசதிகளுள் ஒன்றாகவே இடம்பெறுகிறது.

குடித்தபின் வரும் துன்பத்தை விரித்துரைப்பவை மருத்துவ நூல்கள். சுசுருத சங்கிதையின் உத்தரதந்திரம், 47ஆம் அத்தியாயத்தில் மதுவால் விளையும் கேடுகளைப் பானாத்யயம், பரமதம், பானாஜீர்ணம், பானவிப்ரமம் என நான்காகப் பகுக்கிறது. உடல் கனத்தல், வாய்ச்சுவை கெடுதல், உணவில் வெறுப்பு, தலைவலி, மூட்டுவலி, தாகம் ஆகியன பரமதத்தின் குறிகளுள் சில. 'பர' என்னும் சொல்லுக்குப் 'பிந்தைய' என்ற பொருளும் உண்டு என்பது கருதத்தக்கது. தாகம் இங்குப் பல குறிகளுள் ஒன்று மட்டுமே. தாகநோய்க்கான மருத்துவமோ தனியே 48ஆம் அத்தியாயத்தில் அமைகிறது. சரக சங்கிதையின் சிகிச்சாஸ்தானத்திலும் தாகம் 22ஆம் அத்தியாயத்திலும், மதுவால் வரும் நோயாகிய மதாத்யயம் 24ஆம் அத்தியாயத்திலும் தனித்தனியே பேசப்படுகின்றன.

இன்றைய உடலியங்கியலும் இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதில்லை. மது வாசோபிரசின் என்னும் இயக்குநீரின் சுரப்பைத் தடுக்கிறது. அதனால் சிறுநீர் மிகுந்து, உடல் நீரை இழக்கிறது. தாகமும் நாவறட்சியும் இதன் விளைவுகள். தலைவலி, குமட்டல், சோர்வு ஆகியவற்றில் அழற்சி, அசிட்டால்டிகைடு, குலைந்த உறக்கம் ஆகியவற்றுக்கும் பங்குண்டு. கல்லீரல் மதுவைச் சிதைக்கும் வேகத்தை நீர் கூட்டுவதில்லை. ஆதலின் நீர் தாகத்தைத் தணிக்கும். ஏனைய துன்பங்களில் அதன் பயன் சிறிதே. குடிக்கும் அளவைக் குறைப்பதே உறுதியான தடுப்பு.

பழைய மருத்துவர் நவீன உயிர்வேதியியலை அறிந்திருந்தனர் என்று இதனால் முடிவுகட்டுதல் பிழையாகும். நோயாளியைக் கூர்ந்து நோக்கிக் குறியையும் நோயையும் அவர்கள் வேறுபடுத்தினர் என்பதே இங்குப் பெறப்படுவது. 'நிறைய நீர் குடித்துவிட்டால் மறுநாள் ஒன்றும் ஆகாது' என்னும் இன்றைய நம்பிக்கை, அந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறது.