மூன்று மணிக்குப் பிறகு: ப்ரூக்ளின் சிறார் அருங்காட்சியகமும் இயற்கை வகுப்புகளும்

1899ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள், ப்ரூக்ளினின் பெட்ஃபோர்ட் பூங்காவுக்குள் இருந்த ஆடம்ஸ் மாளிகை குழந்தைகளுக்காகத் திறக்கப்பட்டது. தனி நகரமாக இருந்த ப்ரூக்ளின் நியூயார்க்கோடு இணைந்து அப்போது இரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை. குழந்தைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் அதற்குமுன் உலகில் எங்கும் இருந்ததில்லை. யோசனை வில்லியம் ஹென்றி குட்இயருடையது. அவர் ப்ரூக்ளின் கலை அறிவியல் கழகத்தின் நுண்கலைக் காப்பாட்சியர். மான்செஸ்டரில் ஆலைத் தொழிலாளர் நெருக்கியடித்து வாழ்ந்த ஆன்கோட்ஸ் பகுதியின் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்.

இந்த மாளிகையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘உலகிலேயே முதல்’ என்ற பெருமையோடு நின்றுவிடுகிறார்கள். அங்கே பிள்ளைகள் எந்த நேரத்தில் வந்தார்கள் என்பதே எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. பள்ளி விட்ட பிறகும் விடுமுறை நாட்களிலும் வந்தார்கள். பலர் பெரியவர் துணையில்லாமல், தம் காலால் நடந்து வந்தார்கள். வருகைப் பதிவேடு இல்லை, தேர்வு இல்லை, வராதவனை ஏன் வரவில்லை என்று கேட்பாரும் இல்லை. சலிப்புத் தட்டினால் வாசலுக்கு வெளியே பூங்கா கிடந்தது. வகுப்பறை ஆசிரியருக்கு இப்படி ஒரு நெருக்கடி கிடையாது. பாடம் எவ்வளவு வறண்டாலும் மணி அடிக்கும்வரை பிள்ளைகள் உட்கார்ந்திருந்துதான் ஆகவேண்டும். எழுந்து போய்விடக்கூடிய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது வேறு கலை. அருங்காட்சியகக் கல்வி என்று இன்று மெச்சப்படும் முறைகளில் பெரும்பகுதி இந்த நெருக்கடியில் பிறந்தது என்பதே என் கட்சி.

அந்தக் கலையைப் பழகிக் காட்டியவர் அன்னா பில்லிங்ஸ் காலப். உயிரியல் ஆசிரியையாக இருந்தவர், 1902இல் உதவியாளராகச் சேர்ந்தார். சில ஆண்டுகளில் பொறுப்பு முழுவதும் அவர் கைக்கு வந்தது. 1937இல் ஓய்வு பெறும்வரை விடவில்லை. கனிமங்கள், பூச்சிகள், பறவைகள் என்று அறைகளைப் பிரித்ததோடு, ஒவ்வோர் அறையிலும் கேள்விக்குப் பதில் சொல்லவும் பதிலுக்குக் கேள்வி கேட்கவும் ஆள் இருக்கவேண்டும் என்று பார்த்துக்கொண்டார். உள்ளேயே ஒரு நூலகம் இருந்தது. வண்ணத்துப்பூச்சியின் பெயரைத் தேடி நூலகத்துக்குப் போன பிள்ளை படத்தோடு ஒப்பிட மறுபடி பேழைக்கு ஓடிவரும். பாடம் செய்த பறவைகளையும் கனிமத் துண்டுகளையும் இரவல் கொடுத்து அனுப்பும் வழக்கமும் வளர்ந்தது. விலைமதிப்புள்ள பொருளைச் சிறு பிள்ளையை நம்பிக் கொடுத்தனுப்ப ஒரு காப்பாட்சியருக்குத் துணிச்சல் வேண்டும். அந்தத் தொழிலின் இயல்பே பூட்டுவதுதானே!

இயற்பியல் பக்கமும் பின்தங்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கம்பியில்லாத் தந்தி புதுமையாக இருந்த காலத்திலேயே, பெரிய பையன்கள் அங்கே ஒரு தந்தி நிலையத்தை அமைத்து இயக்கினார்கள். அவர்களில் சிலருக்குப் பிற்காலத்தில் அதுவே பிழைப்பாகவும் ஆனது.

இதே காலத்தில் வாஷிங்டனில் இன்னொரு முயற்சி நடந்தது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலாளர் சாமுவேல் லாங்லி 1901இல் சிறார் அறை ஒன்றைத் திறந்து, அதற்குத் தாமே கௌரவக் காப்பாட்சியராகவும் அமர்ந்தார். வானியலாளர், ரைட் சகோதரர்களுக்கு முன்பே விமானம் விட்டுவிட வேண்டும் என்று முனைந்தவர். பேழைகளைக் குழந்தையின் கண் உயரத்துக்குத் தாழ்த்தினார், லத்தீன் பெயர்ச்சீட்டுகளை எடுத்தெறிந்தார், உயிருள்ள பறவைகளையும் மீன்களையும் வைத்தார். அவருடைய விமானம் 1903இல் பொடோமாக் ஆற்றில் விழுந்தது. சிறார் அறையோ ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தாங்கியது. ஆனாலும் அது ஓர் அழகான அறை, அவ்வளவுதான். குழந்தை வந்து பார்த்துவிட்டுப் போகும். அதே குழந்தை அடுத்த வாரமும் வந்து, போன வாரம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது ப்ரூக்ளினில்தான்.

இவற்றுக்கெல்லாம் பின்புலமாக அமெரிக்காவில் ஓர் இயற்கைக் கல்வி இயக்கமே நடந்துகொண்டிருந்தது. 1890களின் பொருளாதார மந்தத்தில் பண்ணைகளை விட்டு இளைஞர்கள் நகரத்துக்குப் பெயர்ந்தபோது, கிராமப் பள்ளிகளில் இயற்கையைப் பாடமாக்கினால் பிள்ளைகளுக்கு மண்மீது பிடிப்பு வரும் என்று நியூயார்க் மாநிலம் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் பணம் ஒதுக்கியது. அதில் உழைத்த அன்னா பாட்ஸ்ஃபோர்ட் காம்ஸ்டாக் 1911இல் வெளியிட்ட இயற்கைக் கல்விக் கையேடு 900 பக்கங்களைத் தாண்டும். இன்னும் அச்சில் இருக்கிறது. பண்ணைப் பிள்ளையை மண்ணில் நிறுத்தி வைக்க எழுந்த கல்வி, மண்ணையே மிதிக்காத நகரத்துப் பிள்ளையிடம் வந்தபோதுதான் அருங்காட்சியகம் தேவைப்பட்டது. கார்னெல் ஆசிரியைக்கு வேலியோரம் போதும். ப்ரூக்ளின் ஆசிரியை வேலியோரத்தை மேசைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

அந்த மேசையைச் சுற்றி நடப்பதற்கு, இன்று அமெரிக்க அருங்காட்சியகங்கள் பலவற்றில் புழங்கும் ஒரு வகுப்பைச் சொல்கிறேன். கூகை தன் இரையைக் கிழிக்காமல் பெரும்பாலும் முழுசாக விழுங்கும். சதை செரித்துவிடும், எலும்பும் மயிரும் செரிக்காமல் இரைப்பையில் உருண்டு, சில மணி நேரத்தில் கட்டியாக வாய் வழியே வெளியே வந்து விழும். அந்தக் கட்டிகளைச் சேகரித்துச் சூடேற்றிக் கிருமி நீக்கி, பிள்ளைக்கு ஒன்றாகக் கையில் கொடுப்பார்கள். கூடவே ஓர் இடுக்கி, ஒரு பல்குச்சி, ஒரு வெள்ளைத்தாள். என்னவென்று சொல்வதில்லை. பிள்ளை முதலில் முகத்தைச் சுளிக்கும், பிறகு மோந்து பார்க்கும். மயிரைப் பிரிக்கும்போது ஒரு பல் வெளிப்படும், அடுத்து தாடை, அடுத்து ஆரஞ்சு நிற முன்பற்களோடு ஒரு சின்ன மண்டையோடு. இரண்டாவது மண்டையோடும் அதே கட்டியில் கிடைத்தால் மேசை முழுக்க அமளி. இது யார், இரண்டு பேர் எப்படி உள்ளே போனார்கள், யார் தின்றார்கள் என்று பிள்ளைகளே ஆரம்பிப்பார்கள். கூகை என்ற பெயரை ஆசிரியை எடுப்பது அதற்கும் பிறகுதான்.

பெயரை முதலில் சொல்லிவிட்டால் பார்ப்பது நின்றுபோகும். பள்ளி வழக்கமோ இதற்கு நேர் எதிர்: பெயர், இலக்கணம், படம், நேரம் மிஞ்சினால் பொருள். அருங்காட்சியக வகுப்பு இந்த வரிசையைத் தலைகீழாக்கியதற்குப் பெரிய தத்துவம் காரணமில்லை என்றே நினைக்கிறேன். இலக்கணத்தில் ஆரம்பித்தால் பிள்ளை பூங்காவுக்கு ஓடிவிடும்.

நாலைந்து வயதுப் பிள்ளைகளின் வகுப்புக்கு வேகம் வேறு. கண்ணாடித் தகட்டில் ஒரு நத்தையை விட்டு, தகட்டைத் தூக்கி அடியிலிருந்து பார்க்கச் சொன்னால், அதன் பாதத்தில் தசை அலையலையாக நகர்வது தெரியும். கால் இல்லாமல் எப்படி நடக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் இல்லை. மாவுப்புழுவை ஓட்ஸ் தவிட்டில் போட்டு ஒரு கேரட் துண்டோடு டப்பாவில் வைத்தால், வாரம் ஒருமுறை கூடும் வகுப்புக்குத் தோதாக, பருவம் முடிவதற்குள் சில புழுக்களாவது கூட்டுப்புழுவாகி, கறுத்த வண்டாக வெளிவந்துவிடும். இந்த வயதில் பெற்றோர் ஒருவர் உடன் உட்காரவேண்டும் என்று பல இடங்களில் விதி உண்டு. இது பாதுகாப்புக்கு நல்லது, கல்விக்குச் சில சமயம் இடைஞ்சல். குழந்தை நத்தையின் கொம்பைப் பார்த்து வாய் திறப்பதற்குள் அம்மாவோ அப்பாவோ விளக்கத்தை முடித்துவிடுகிறார்கள். அனுபவமுள்ள ஆசிரியை பெரியவர்கள் கையிலும் ஒரு பூதக்கண்ணாடியைத் திணித்துவிடுவார். வாய் தானாக மூடிக்கொள்ளும்.

உயிருள்ளதும் உயிரற்றதும் ஒரே கூரையின் கீழ் இருப்பதுதான் இவ்வகுப்புகளின் பலம். நம் சென்னைக்கு இது முற்றிலும் புதிதன்று. எழும்பூர் அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் 1850களில் வளாகத்திலேயே விலங்குகளை வளர்த்து மக்களை ஈர்த்தார். பின்னால் விலங்குகள் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. சென்னைவாசிகள் ஒன்றைச் செத்த காலேஜ் என்றும் மற்றதை உயிர்க் காலேஜ் என்றும் அழைத்து, இரண்டையும் ஒரே நாளில் சுற்றிப்பார்த்தார்கள். பிள்ளைகளுக்கோ அந்தப் பிரிவினை தேவையில்லை. பாடம் செய்த ஆமையின் ஓட்டைத் தடவிவிட்டு, தொட்டியில் உயிரோடு நகரும் ஆமையைப் பார்க்கும்போதுதான் ஓடு என்பது முதுகெலும்போடும் விலா எலும்போடும் ஒட்டிப் பிறந்தது, கழற்றிவைக்க முடியாதது என்று புரிகிறது. ஆமையைத் தொட்டால் கைகழுவ வேண்டும் என்பது மட்டும் கண்டிப்பு. சால்மொனெல்லா கிருமி பிள்ளைகளைத் தாக்குவதால், 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளை விற்பதையே அமெரிக்க அரசு 1975இல் தடைசெய்தது.

ப்ரூக்ளின் விதை பல இடங்களில் முளைத்தது. அறிவியல் ஆசிரியர்கள் சேர்ந்து 1913இல் பாஸ்டனில் ஒன்றைத் தொடங்கினார்கள். ப்ரூக்ளினைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய மேரி ஸ்டூவர்ட் கேரி 1925இல் இண்டியானாபோலிஸில் தொடங்கியது, பிற்காலத்தில் உலகிலேயே பெரிய சிறார் அருங்காட்சியகமாக வளர்ந்தது. சான்பிரான்சிஸ்கோவில் 1937இல் இப்படி ஒன்று பழைய நகரச் சிறைக் கட்டடத்தில் குடியேறியது. பிள்ளைகள் விருப்பம்போல் வந்துபோகும் வகுப்புக்குச் சிறைச்சாலை! நகராட்சிகளின் நகைச்சுவை உணர்ச்சியை யாரும் முறையாக ஆராயவில்லை.

மாறியதும் உண்டு. தாயும் தந்தையும் வேலைக்குப் போகும் குடும்பங்கள் பெருகியபின், பள்ளி விட்டதிலிருந்து ஆறு மணிவரை பிள்ளையைப் பத்திரமாக வைத்திருக்க ஓர் இடம் என்பதே பல பெற்றோரின் முதல் தேவையானது. இதில் தவறில்லை. ப்ரூக்ளின் அருங்காட்சியகமே 1987இல் தன் சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கென இலவசமாக மாலைநேரத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஆனால் பிற இடங்களில் கட்டணம் வாங்கி முன்பதிவு செய்து நடத்தும் வகுப்புகளில், பணம் கட்டியாயிற்று என்பதாலேயே பிள்ளை எழுந்து போகமுடியாது. ஆசிரியைக்கிருந்த பழைய நெருக்கடி அங்கே தளர்ந்துவிடுகிறது. பயிற்சித்தாள்கள் முளைக்கின்றன, பருவ இறுதியில் சான்றிதழ் வருகிறது, மூன்று மணிக்கு விட்ட பள்ளி மூன்றரைக்கு மறுபடி தொடங்கிவிடுகிறது. வாசல் வழியே நடந்து வரும் அடுத்த தெருப் பிள்ளை, முன்பதிவுப் பட்டியலில் பெயர் இல்லாத காரணத்தால் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறது. என்னைக் கேட்டால், ஒவ்வொரு வகுப்பிலும் பதிவில்லாத நான்கைந்து இடங்களை அன்றாடம் வருகிறவர்களுக்கென ஒதுக்கிவைப்பேன். கணக்கர் முணுமுணுப்பார்.

கணக்கரின் கவலையிலும் நியாயம் உண்டு. ப்ரூக்ளினின் பழைய மாளிகைகள் போய், 1977இல் பெரும்பகுதி நிலத்துக்கடியில் ஒரு கட்டடம் வந்தது. 2008இல் ரஃபேல் வின்யோலி அதை மஞ்சள் ஓடு போர்த்தி விரிவாக்கினார். கட்டடத்துக்குக் கொடையாளர் கிடைப்பார்கள், கல்வெட்டில் பெயரும் வரும். ஆமையும் நத்தையும் வகுப்பில்லாத நாளிலும் தின்னும். ஞாயிற்றுக்கிழமை தொட்டிக்குத் தண்ணீர் மாற்றும் ஊழியரின் சம்பளம், கிருமி நீக்கிய கூகைக்கட்டிகளின் விலை, வாராவாரம் வாங்கும் கீரை ஆகியவற்றுக்கு நிதி திரட்டுவது கட்டடத்துக்குத் திரட்டுவதைவிடக் கடினம். மாலை வகுப்புகள் நின்றுபோன பல இடங்களில் முதலில் வெட்டப்பட்டது இந்தச் செலவாகத்தான் இருக்கும்.