நாண்மங்கலமும் நன்றிப் பொங்கலும்

பிறந்தநாள் கொண்டாடுதல் மேனாட்டார் வழியே வந்த பழக்கம் என்று கருதுவோர் உளர். தமிழ் மரபு அதற்கு இடம் தரவில்லை. மன்னன் சினம் நீங்கித் தன் பிறந்தநாளில் மேற்கொள்ளும் பெருமங்கலத்தைத் தொல்காப்பியம் பாடாண் திணையில் வைத்துப் பேசுகிறது. சிறைப்பட்டோரை விடுவித்தலும் தானம் வழங்கலும் அந்நாளுக்குரிய அறங்கள் என்பர் உரையாசிரியர். புறப்பொருள் வெண்பாமாலை இதனை நாண்மங்கலம் என்னும்.

சோழர் காலத்தில் இம்மங்கலம் திருக்கோயிலுக்குள் புகுந்தது. முதலாம் இராசராசன் பிறந்த சதய நாளில் திங்கள்தோறும் விழா நடந்ததைத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் கூறுகின்றன. ஐப்பசிச் சதய விழா இன்றும் அங்கு நடைபெறுகிறது. இல்லங்களிலும் பிறந்த மாதத்து நட்சத்திரமே பிறந்தநாள். குழந்தைக்கு ஆண்டு நிறைவு, அறுபதில் மணிவிழா, ஆண்டுதோறும் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை என்று வழிபாடு அமைகிறது. அரசனுக்குக் குடிகளும், பிள்ளைக்குப் பெற்றோரும், பெற்றோர்க்குப் பிள்ளைகளும் செய்வது இது.

கம்பம் பள்ளத்தாக்கில் இம்மரபு வேறொரு வடிவம் கொண்டது. இங்கே மங்கலம் பெறுபவர் மன்னரும் அல்லர், உறவினரும் அல்லர். 1841 சனவரி 15இல் புனேயில் பிறந்த ஆங்கிலப் பொறியாளர் ஜான் பென்னிகுக். மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்றை மறித்து 1895இல் அணையை முடித்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நீரைக் கிழக்கே திருப்பியவர். அந்நீர் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் நிலத்தை இருபோகம் ஆக்கியது.

பாலார்பட்டியில் சனவரி 15ஆம் நாள் அவர் படத்துக்கு மாலையிட்டுப் பொங்கல் வைக்கின்றனர். லோயர்கேம்ப்பில் எழுந்த மணிமண்டபமும் 2013இல் அதே நாளில்தான் திறக்கப்பட்டது. இங்கே நட்சத்திரம் கேட்பார் இல்லை. ஆங்கிலத் தேதியே தைப்பொங்கலோடு சேர்ந்துகொண்டது. உண்மையில் அவர் பிறந்த காலத்தில் தைத் திங்கள் சனவரி 12ஐ ஒட்டிப் பிறந்தது. 1863 சனவரி 12இல் பிறந்த விவேகானந்தரின் பிறந்தநாள் மகர சங்கராந்தியாய் இருந்தமை இதற்குச் சான்று. விண்மீன் வழிப்பட்ட நம் ஆண்டு ஆங்கில ஆண்டினும் சிறிது நீண்டதாதலின், தை மெல்ல நகர்ந்து பென்னிகுக்கின் நாளை வந்தடைந்தது. வானம் தற்செயலாய்ச் சேர்த்ததை உழவர் தம் நன்றியால் விழாவாக்கினர்.

மனைவியின் நகைகளையும் உடைமைகளையும் விற்று அவர் அணையை முடித்தார் என்பது ஊர்வழக்கு. வரலாறு இதற்கு ஆவணம் கேட்கும். ஆவணம் வேண்டாத உண்மை ஒன்றுண்டு. காட்டுக் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் இரையான தொழிலாளர் பலர். அவர்களுடைய பிறந்தநாளை யாரும் குறித்து வைக்கவில்லை. பொங்கற்பானை பொங்கும்போது அவர்களையும் நினைப்பதே முழுமையான மங்கலமாகும்.

கடமலைக்குண்டிலிருந்து பார்க்கும்போது இவ்விழாவின் பொருள் மேலும் தெளிவாகும். வருசநாட்டு மலையில் பிறக்கும் மூல வைகை இவ்வூரைக் கடந்தே செல்கிறது. முல்லைப் பெரியாற்று நீரோ கீழே போய்த்தான் வைகையில் கலக்கிறது. மேலுள்ள இந்நிலங்களுக்கு அது ஏறி வருவதில்லை. மழை பொய்த்தால் மூல வைகை மணலாய்க் கிடக்கும். வைகை பிறக்கும் பள்ளத்தாக்கு வானத்தை நோக்கியிருக்க, அண்டைப் பள்ளத்தாக்கு பிறந்தநாள் கொண்டாடுகிறது. நன்றி, நீர் பாய்ந்த வழியிலேயே பாய்ந்திருக்கிறது.

பண்டைப் புலவர் பரிசில் நல்கிய மன்னனுக்கு நாண்மங்கலம் பாடினர். இக்காலத்து உழவரோ ஏடும் எழுத்தாணியும் இன்றி, புதுப்பானையும் புத்தரிசியும் கொண்டு அதே துறையைப் பாடிவருகின்றனர். மூல வைகைக் கரைக்கும் நீரைத் தேக்கித் தரும் கை ஒன்று வாய்க்குமாயின், அக்கைக்கு உரியவரின் பிறந்தநாளும் இங்கே பொங்கல் நாளாகும். அதனைப் பாடும் கடமை இம்மண்ணின் கவிஞர்க்கு உரியது.