உள்ளே தெரியும் எண்ணும் வெளியே கழியும் நேரமும்: தென்காசி வட்டார டிடிபி நிலையங்களின் மெய்நிகர் இயந்திரங்களை முன்வைத்து

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கும் மேலகரம், குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். இந்த வட்டாரத்தின் தலபுராணச் சிறு பதிப்புகளும் திருவிழா அழைப்பிதழ்களும் உள்ளூர் ஆசிரியர்கள் சொந்தச் செலவில் போட்ட நூல்களும் 1990களின் பிற்பகுதியிலிருந்து நெடுங்காலம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில்தான் கோக்கப்பட்டன. அந்தக் கோப்புகளுக்குள் இருப்பது யூனிகோடு தமிழ் அல்ல. தமிழக அரசு 1999இல் தாம், தாப் குறியேற்றங்களை அறிவித்தது. 2010இல் யூனிகோடையும் டேஸ் 16ஐயும் ஏற்றது. இந்த இரண்டு ஆண்டுகளுக்கு இடையிலும், அதற்குப் பின்னும்கூட, அச்சகங்கள் தத்தமக்குப் பழகிய எழுத்துருத் தொகுப்புகளையே பிடித்துக்கொண்டிருந்தன. பேஜ்மேக்கரின் 7ஆம் பதிப்பு வந்தது 2001இல். 2004இல் அடோபி அதன் வளர்ச்சியை நிறுத்தியது. அது ஓடிய விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் முடிந்தது. ஆகவே பழைய கோப்பு ஒன்றைத் திருத்த வேண்டுமென்றால், புதிய கணினிக்குள் எக்ஸ்பியை மெய்நிகர் இயந்திரமாக ஏற்றி, அதற்குள் பழைய பேஜ்மேக்கரையும் பழைய எழுத்துருவையும் நிறுவிக்கொள்வதே பாதுகாப்பான வழி.

அந்த இயந்திரம் மெதுவாக ஓடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. "பிராசசர் பத்தவில்லை" என்ற முடிவுக்கு எல்லோரும் சீக்கிரமாக வந்துவிடுகிறார்கள். அமைப்புப் பக்கத்தைத் திறந்து பிராசசர் எண்ணிக்கையை ஏற்றிப் பார்க்கிறார்கள்; அதிலும் பயனில்லை என்றால் கோப்பைக் கைவிட்டு நூலை முதலிலிருந்து தட்டச்சு செய்கிறார்கள். மறுதட்டச்சில் புதிய பிழைகள் நுழைகின்றன. முதல் பதிப்பில் ஆசிரியரே மெய்ப்புப் பார்த்த பாடம் போய்விடுகிறது. ஒரு கணினிக் கோளாற்றைத் தவறாகக் கண்டறிவது தமிழ்ப் பாடங்களைச் சிதைக்கும் காரணங்களில் ஒன்றாகிவிட்டது என்பதால்தான் இதை விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. மெய்நிகர் இயந்திரத்துக்குள் காட்டப்படும் கிகாஹெர்ட்ஸ் எண் வேகத்துக்குச் சான்றே அல்ல என்பது என் வாதம். வேகம் என்பது வெளியிலுள்ள கணினி உள்ளிருப்பதற்கு விட்டுக்கொடுக்கும் நேரப் பங்கு. அதை வெளியிலிருந்துதான் அளக்க முடியும்.

எண்ணிலிருந்தே தொடங்கலாம். எக்ஸ்பியில் மை கம்ப்யூட்டரின் பண்புகளைத் திறந்தால் பிராசசரின் பெயரும் வேகமும் தெரியும். பெயர், பிராசசருக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும் ஓர் அடையாளச் சரம். மெய்நிகர் மென்பொருள் அதைப் பெரும்பாலும் அப்படியே உள்ளே கடத்திவிடுகிறது. வேகமோ, பிராசசரின் நேரமுத்திரை எண்ணியைக் கொண்டு கணக்கிடப்படுவது. 2008இல் வந்த நெஹேலம் தலைமுறை தொட்டு இன்டெல் பிராசசர்களில் இந்த எண்ணி மாறாத வேகத்தில் ஓடுகிறது. வெப்பம் ஏறியோ மின்சேமிப்பினாலோ பிராசசர் உண்மையில் 0.8 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கியிருந்தாலும் எண்ணி பழைய கணக்கிலேயே ஓடிக்கொண்டிருக்கும், உள்ளே 2.9 என்றோ 3.2 என்றோதான் தெரியும். இன்னொரு பக்கம், மெய்நிகர் இயந்திரம் பாதி நேரம் நிறுத்திவைக்கப்பட்டிருந்தாலும் அந்த எண் மாறாது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரக் குளங்களில் முறைத்தண்ணீர் விடுவது இந்த வட்டாரத்தார் அறிந்ததே: மடை திறந்திருக்கும்போது வரும் நீரின் வேகம் எல்லா வயலுக்கும் ஒன்றுதான், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்பதில்தான் விளைச்சல் வேறுபடுகிறது. பிராசசர் விஷயத்திலும் உள்ளே தெரியும் எண் மடையின் வேகத்தை மட்டுமே சொல்கிறது.

இதைச் சோதிக்க நல்ல எதிர்ச்சான்று ஒன்று உண்டு. சில பழைய மென்பொருள்கள் கணினி மெதுவாக இருப்பதால் அல்ல, வேகமாக இருப்பதால் செத்துப்போகும். டர்போ பாஸ்கல் 7இல் எழுதிய பல நிரல்கள் 200 மெகாஹெர்ட்ஸ் அளவைத் தாண்டிய பிராசசர்களில் 'ரன்டைம் எரர் 200' காட்டி நின்றுவிடும். தொடங்கும்போது 55 மில்லிவினாடிக்குள் ஒரு சுழற்சி எத்தனை முறை ஓடுகிறது என்று அவை எண்ணிப் பார்க்கின்றன. அந்தக் கணக்கின் விடை ஒதுக்கிய இடத்தில் அடங்காமல் வழிந்துவிடுவதே காரணம். விண்டோஸ் 95உம் 98உம் 2.1 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பிராசசர்களில் வலையமைப்புப் பகுதி ஏறும்போது விழுவதற்குக் காரணமும் இதே வகை. வர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர் மென்பொருளில் 'எக்ஸிகியூஷன் கேப்' என்ற அளவை 50 விழுக்காட்டுக்குக் குறைத்தால் இந்தக் கோளாறு தீரும் என்று பலர் நம்புகிறார்கள். அதை நம்பி இருக்க முடியாது. அந்த அமைப்பு பிராசசரின் வேகத்தைக் குறைப்பதில்லை. கொஞ்ச நேரம் முழுவேகத்தில் ஓடவிட்டு, கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கிறது. ஓடும் துண்டுக்குள் அகப்பட்ட சிறு சுழற்சி முழுவேகத்தையே காண்கிறது. பாதி வேகம் என்பதும் பாதி நேரம் என்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டியதில்லை.

வேகத்துக்கும் நேரத்துக்கும் இடையிலான இந்த வேறுபாட்டின் வேர் பழையது. ஒரு பிராசசரை மெய்நிகராக்க அதன் கட்டளைகள் எப்படி இருக்க வேண்டும் என்பதை 1974இல் பொபெக்கும் கோல்ட்பர்கும் வரையறுத்தார்கள்: பெரும்பாலான கட்டளைகள் இடையீடின்றி நேரடியாக ஓட வேண்டும், இயந்திரத்தின் நிலையைத் தொடுபவை மட்டும் மேற்பார்வை மென்பொருளிடம் வந்து சிக்க வேண்டும். இன்டெல்லின் எக்ஸ்86 இந்த விதிக்கு அடங்கவில்லை. சிக்க வேண்டியும் சிக்காமல் நழுவும் 17 கட்டளைகளை ராபினும் இர்வைனும் 2000இல் பட்டியலிட்டார்கள். அதற்கு முன்பே, 1999இல், விஎம்வேர் அந்தக் கட்டளைகளை ஓட்டத்தின்போதே மாற்றி எழுதிச் சமாளித்தது. 2005 நவம்பரில் இன்டெல் விடி-எக்ஸ் வசதியையும், 2006இல் ஏஎம்டி தன்னுடையதையும் கொடுத்த பிறகே வன்பொருள் இந்தப் பொறுப்பை ஏற்றது. இன்று மெய்நிகர் இயந்திரம் ஏறக்குறைய முழுவேகத்தில் ஓடுகிறதென்றால் அந்த வன்பொருள் வசதி அதன் கைக்கு நேராகக் கிடைக்கிறது என்று பொருள். மெதுவாக ஓடினால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி அந்த வசதியை யார் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்பதே.

மேலகரத்தில் ஒரு டிடிபி நிலையத்தில் நான் பார்த்த கணினி இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. புதிய கணினி, விண்டோஸ் 11, உள்ளே எக்ஸ்பி. பழைய கணினியில் நொடியில் திறந்த கோப்பு இதில் தயங்கித் தயங்கித் திறந்தது. பிராசசரை ஒன்றிலிருந்து நான்காக்கியிருந்தார்கள். வர்ச்சுவல்பாக்ஸ் சன்னலின் அடி வரிசையில் பச்சை நிற ஆமைப் படம் ஒன்று இருந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. நோயின் பெயரே அந்த ஆமைதான். விண்டோஸ் 11 புதிதாக நிறுவப்படும்போது, தகுந்த வன்பொருளில், 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பாதுகாப்பு தானாகவே இயங்கத் தொடங்குகிறது. அதற்காக விண்டோஸின் சொந்த மெய்நிகர் மென்பொருளான ஹைப்பர்-வி எல்லாவற்றுக்கும் அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. விடி-எக்ஸ் அதன் கையில். 2018 டிசம்பரில் வந்த 6.0 பதிப்பு முதல் வர்ச்சுவல்பாக்ஸ் இந்த நிலையில் முற்றிலும் நின்றுவிடாமல் ஹைப்பர்-வியின் வழியாகவே ஓடப் பழகியது; ஆமைப் படம் அதன் அடையாளம். ஆனால் ஒவ்வொரு இடையீட்டுக்கும் நீளமான சுற்றுப்பாதை. டபிள்யுஎஸ்எல் 2, டாக்கர், விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் ஆகியவற்றை நிறுவியவர்களுக்கும் இதே நிலைதான். மத்தளம்பாறையில் 2011 முதல் சோகோ அலுவலகம் இயங்கிவரும் வட்டாரம் இது. வீட்டுக் கணினியில் டாக்கர் வைத்திருக்கும் இளைஞர்கள் இங்கே புதிதல்ல.

ஹைப்பர்-வியை நிறுத்தினால் ஆமை போய் வேகம் திரும்பும். அதற்கு மெமரி இன்டெக்ரிட்டியையும், டபிள்யுஎஸ்எல் 2 போன்றவை இருந்தால் அவற்றையும் அணைக்க வேண்டும். இதை எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பது பொறுப்பற்ற செயல். அதே கணினியில் வங்கிக் கணக்கும் வாடிக்கையாளரின் ஆதார் நகல்களும் இருக்குமானால், பழைய கோப்புகளுக்கென்று ஒரு பழைய கணினியைத் தனியே வைத்துக்கொள்வதே சரி. எந்த வழியானாலும் எக்ஸ்பிக்கு இணையத் தொடர்பைத் துண்டித்துவிட வேண்டும்.

அடுத்தது, பிராசசர் எண்ணிக்கையை ஏற்றும் பழக்கம். பேஜ்மேக்கர் ஒரே நேரத்தில் ஒரு கோரில் ஓடும் காலத்து மென்பொருள். நான்கு கொடுத்தாலும் மூன்று சும்மா இருக்கும். சும்மா இருப்பதோடு நின்றால் பரவாயில்லை. உள்ளே ஒரு மெய்நிகர் பிராசசர் பூட்டு ஒன்றைப் பிடித்திருக்கையில் வெளிக்கணினி அதை நிறுத்திவைத்தால், மற்ற மூன்றும் அந்தப் பூட்டுக்காகக் காத்து வெறுமனே சுழலும். வெளியே உண்மையான கோர்கள் வீணாகும். எக்ஸ்பிக்கு இன்னொரு தனிச் சிக்கலும் உண்டு. ஒற்றைப் பிராசசரோடு நிறுவியபோது அது தேர்ந்துகொண்ட வன்பொருள் அடுக்கு, பின்னால் சேர்க்கும் பிராசசர்களைக் கண்டுகொள்வதே இல்லை. பல பிராசசர் அடுக்கோடு நிறுவினாலோ, 32 பிட் விண்டோஸ் தன் குறுக்கீட்டு முன்னுரிமைப் பதிவேட்டை ஓயாமல் தொட்டுக்கொண்டே இருக்கும். பழைய பிராசசர்களில் ஒவ்வொரு தொடுதலும் உள்ளிருந்து மேற்பார்வை மென்பொருளுக்கு ஒரு வெளியேற்றம். ஆகவே எக்ஸ்பிக்கு ஒரே பிராசசர் போதும் என்பது என் உறுதியான கருத்து.

12ஆம் தலைமுறை இன்டெல் பிராசசர்கள் 2021 நவம்பரில் வந்த பிறகு புதிய கோளாறு ஒன்று சேர்ந்துகொண்டது. அவற்றில் வலிய கோர்களும் சிக்கனக் கோர்களும் கலந்திருக்கின்றன. மெய்நிகர் இயந்திரத்தின் சன்னலை ஒடுக்கிவிட்டு வேறு வேலை பார்த்தால், விண்டோஸ் அதைப் பின்னணி வேலையாக எண்ணிச் சிக்கனக் கோர்களுக்குத் தள்ளிவிடக்கூடும். அச்சுக்கு நீண்ட கோப்பு ஒன்றை அனுப்பிவிட்டு வாட்ஸ்அப் பார்க்கும் பழக்கம் உள்ள இடங்களில் இது நடக்க வாய்ப்பு அதிகம். பவர் மோடை உயர்செயல்திறனுக்கு மாற்றினாலே பெரும்பாலும் சரியாகும். ஆகாவிட்டால் பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளையால் அந்த ஒரு நிரலுக்கு மட்டும் மின்கட்டுப்பாட்டை விலக்கலாம்.

பிராசசரோடு தொடர்பே இல்லாத காரணங்களும் உண்டு. திரை விட்டு விட்டு வரைந்தால் வர்ச்சுவல்பாக்ஸின் கெஸ்ட் அடிஷன்ஸ் துணைநிரல்கள் உள்ளே நிறுவப்படாமல் இருக்கலாம். கோப்பைத் திறக்கையில் மட்டும் தாமதம் என்றால் வன்வட்டையோ, மெய்நிகர் வட்டுக் கோப்பை ஓயாமல் துழாவும் வைரஸ் தடுப்பானையோ சந்தேகிக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் மட்டும் மெதுவாகி, சாரல் தொடங்கியதும் சரியாகும் கணினியைத் திறந்து விசிறியிலுள்ள தூசியைத் தட்டினால் போதும்.

இவற்றைப் பிரித்தறியக் கருவி எதுவும் வேண்டாம். ஒரே கோப்பை ஒரே வேலைக்கு, பிடிஎஃப் ஆக்குவதற்கு என்று வைத்துக்கொள்வோம், உள்ளே ஓடவிட்டுக் கைபேசிக் கடிகாரத்தில் நேரம் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் வெளிக்கணினியின் டாஸ்க் மேனேஜரைக் கவனிக்க வேண்டும். உள்ளேயுள்ள கடிகாரம் கூடாது, நிறுத்திவைக்கப்பட்ட நேரத்தை அது தவறவிட்டிருக்கலாம். ஒரு கோர் முழுவதும் நிரம்பி, வேகமும் உயர்ந்திருக்க, வேலை மட்டும் இழுத்தால் ஆமையைத் தேட வேண்டும். கோர் நிரம்பியும் வேகம் அடிமட்டத்தில் கிடந்தால் வெப்பமோ மின்சேமிப்போ. பிராசசர் ஓய்ந்திருக்க வட்டு மட்டும் துடித்தால் கோளாறு வட்டில்.

இவ்வளவுக்குப் பிறகும் பிராசசர்தான் குறை என்ற முடிவு மிஞ்சும் கணினிகள் உண்டு. கோர் 2 டியோ வரிசையில் எல்லாவற்றிலும் விடி-எக்ஸ் இல்லை. இருந்தவற்றிலும் நினைவகப் பக்கங்களை இரட்டை அடுக்காக மொழிபெயர்க்கும் வன்பொருள் இல்லை, அது நெஹேலத்தோடுதான் வந்தது. வர்ச்சுவல்பாக்ஸ் 6.1 முதல் விடி-எக்ஸ் இல்லாத கணினியில் மெய்நிகர் இயந்திரம் தொடங்கவே தொடங்காது. அத்தகைய கணினியில் எக்ஸ்பியை நேரடியாக நிறுவி, வலையிலிருந்து விலக்கி, கையிருப்பிலுள்ள பேஜ்மேக்கர் கோப்புகள் அனைத்தையும் பிடிஎஃபாகவும், உரையைத் தனியே எடுத்து யூனிகோடுக்கு மாற்றியும் ஒருமுறை சேமித்துவிட வேண்டும். எந்த எழுத்துருவில் கோத்தது என்ற குறிப்பைக் கோப்பின் பெயரிலேயே சேர்த்துவிடுவது நல்லது. குறியேற்றம் தெரியாத உரையை எந்த மாற்றியாலும் பிழையின்றி மாற்ற முடியாது.